வேப்பிலை கட்டிய வீடு

சாமித்துரை புது இதயத்தோடு கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்றைக்கு, வாகைப்பட்டியில் பாதி ஊர் பிளாட்பாரத்தில் நின்றது. மீதிப் பாதி அவன் வீட்டு வாசலில் நின்றது. ஆடு மேய்க்கப் போனவர்கள் மட்டும்தான் பாக்கி. அவர்களும் மத்தியானத்துக்குள் ஆடுகளை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் வருசத்துச் சித்திரை அது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆட்டோவிலிருந்து புருசனைக் கைத்தாங்கலாக இறக்கிய சந்தனமாரிக்கு வெயில் பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் நின்ற சனத்தைப் பார்த்துத்தான் வேர்த்துக் கொட்டியது.

காரணம் இருந்தது. சாமித்துரைக்கு இதயம் வீங்கிப் போய், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கி, கடைசியில் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் ஆகி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே, மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் பிழைக்க வழியில்லாமல் போன ஒரு பையனின் இதயத்தை, பெற்றவர்கள் மனசு வைத்துக் கொடுத்தார்கள். அதை எடுத்து இவனுக்கு வைத்தார்கள். பிழைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் பாடு ஆரம்பித்தது. ஒரு வருசமாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சென்னை வாடகை அவர்களுடைய செம்மறிக் கூட்டத்தில் பாதியை விழுங்கிவிட்டது. மிச்சப் பாதியையும் விழுங்கக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாத்திரைக்கு என்ன செய்வது என்று சந்தனமாரி கேட்டாள். டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அரை மனசோடு ஊருக்கு அனுப்பிவைத்தார்.

அனுப்பும்போது சொல்லி அனுப்பினார். கூட்டம் சேரக் கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர் பக்கத்தில் வரக் கூடாது. ஆட்டுப் புழுக்கையும் தூசியும் ஆகவே ஆகாது. காய்ச்சாத பால் கூடாது, கழுவாத கை கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காலையும் இரவும் மாத்திரை தவறவே கூடாது. அவர் சொல்லச் சொல்லச் சாமித்துரை நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சந்தனமாரிக்கு உள்ளுக்குள் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. டாக்டரம்மா கூடாது என்றதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் வாகைப்பட்டியில் மிஞ்சுவது வேப்பமரமும் வெயிலும்தான்.

அவள் பயந்தது போலத்தான் நடந்தது. கட்டிலில் உட்கார்ந்தவனைச் சுற்றி ஊர் உட்கார்ந்தது. ஆளாளுக்கு அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க ஆசை.

"எங்க, ஓடுதானான்னு பாப்போம். ஏயப்பா, என்னமா ஓடுதான்!"

"மெட்ராஸ் பையன் நெஞ்சுல்லா? இனிமே கூழு கீழு எறங்காது. காபிதான் கேக்கும்."

"இங்கிலீசு பேசுவானோ?"

சாமித்துரைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தன் புது இதயத்தை அவன் 'தம்பி' என்றுதான் சொல்லுவான். "தம்பிக்கு இன்னைக்கு நம்ம ஊரைப் பாத்துக் குஷி. சும்மா துள்ளுதான்" என்று அவனே கைகளை இழுத்து இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். ஒருத்தி, அப்போதுதான் கறந்த ஆட்டுப் பாலைச் செம்போடு நீட்டினாள். இன்னொருவர், முந்தின நாள் பிறந்த செம்மறிக் குட்டியைக் கொண்டுவந்து மடியில் விட்டார். அது அவன் வேட்டியை நனைத்தது. எல்லோரும் அது நல்ல சகுனம் என்றார்கள்.

இதற்கு நடுவில் வன்னியபெருமாள் தும்மினார். ஒரு தும்மல் இல்லை, ஓட்டுக் கூரை அதிர நாலைந்து. சாமித்துரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர். தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்த கையாலேயே தம்பியின் கன்னத்தை ஆசையாகத் தடவினார்.

சந்தனமாரிக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சளி ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ" என்று சொல்லிவிட்டாள்.

 வன்னியபெருமாள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி தாயி. எங்க கை அழுக்குத்தான். இந்த அழுக்குக் கைதான் ஒங்க ஆட்டையும் சேத்து மேய்க்குது. அதையும் டாக்டரம்மாகிட்ட சொல்லிரு."

சொன்னதில் பொய் இல்லை. கோடையில் அந்த ஊர்க்காரர்கள் ஆடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கிடையாக ஓட்டிப் போவார்கள். அறுவடை முடிந்த காட்டில் இரவெல்லாம் அடைத்துப் போட்டால் நிலத்துக்கு உரம், ஆட்டுக்காரனுக்குக் கூலி. சாமித்துரையின் மிச்ச ஆடுகள் வன்னியபெருமாளின் கிடையில்தான் நின்றன. அந்தக் கூலியும், சந்தனமாரி தீப்பெட்டி ஆபீசில் வாங்கும் சம்பளமும் சேர்ந்துதான் மாத்திரை. சில மாத்திரைகளை ஆஸ்பத்திரியே தருமத்துக்குக் கொடுத்தது. மற்றதை விலைக்கு வாங்க வேண்டும். சொந்தக்காரர்களை உள்ளே விட்டால் புருசன் உயிருக்கு ஆபத்து. வெளியே நிறுத்தினால் ஆடு வீடு வந்து சேரும், மாத்திரை வராது. அன்றைக்கு முழுக்க அவள் இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து மண்டை காய்ந்து போனாள்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்க வந்தபோது எதிரே இருந்த வேப்பமரம் கண்ணில் பட்டது. தளதளவென்று கொழுந்து விட்டிருந்தது. சந்தனமாரி வாளியை அப்படியே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையெட்டும் கொப்புகளை ஒடித்து, நிலைப்படியில் இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்தப் பக்கம் ஒரு கொத்து கட்டினாள். ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலில் வைத்தாள்.

வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, மாரியம்மன் வந்து இருக்கிறாள் என்று அர்த்தம். வாகைப்பட்டிக் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். வெளியாள் உள்ளே நுழைய மாட்டார்கள். வந்தாலும் கை கால் கழுவாமல் படியைத் தொட மாட்டார்கள். சத்தம் போட மாட்டார்கள். போதாக்குறைக்கு, மாத்திரையின் தயவால் சாமித்துரையின் முகம் உப்பி, கன்னமெல்லாம் பரு வாரியிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

சாமித்துரைக்குத்தான் திகைப்பு. "ஏட்டி, எனக்கு எப்பட்டி அம்மை போட்டுச்சு?"

"அம்மைன்னு நான் சொன்னேனா? வேப்பிலைதான கட்டியிருக்கேன். காத்துக்கு நல்லது."

"அந்தத் தாய் பேரையே வச்சிக்கிட்டு இப்படிப் பண்ணுதியே!"

"அவகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க வாயை மூடிக்கிட்டு மாத்திரையைப் போடுங்க."

பேசவும் செய்தாள். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோவில் முன்னால் நின்று, "தாயே, டாக்டரம்மா சொன்னா இந்தச் சனம் கேக்க மாட்டேங்கு. நீ சொன்னாத்தான் கேக்கு. கொஞ்ச நாளைக்கு உன் பேரைக் கடனாக் குடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் சரி என்று சொன்னது போலத்தான் அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வீடு சொர்க்கமாக இருந்தது. வந்தவர்கள் மஞ்சள் தண்ணீரில் கை கழுவி, தெருவில் நின்றே குசலம் விசாரித்தார்கள். பால் கொண்டு வந்தவளை, "தாய் இருக்கா, பச்சைப் பால் ஆகாது" என்று பக்கத்து வீட்டுக்காரியே திருப்பி அனுப்பினாள். தெருவில் சண்டை போடுகிறவர்கள் வாகைப்பட்டியில் முதல் தடவையாகக் குரலைத் தணித்துச் சண்டை போட்டார்கள். சாமித்துரை ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, வெளியே நின்றவர்களோடு வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்தான். வன்னியபெருமாளே கோபத்தை மறந்து ஒரு குலை இளநீரோடு வந்தார். வாசலுக்கு எட்டத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆடெல்லாம் நல்லாருக்கு தாயி. நீ ஒண்ணும் நெனைக்காத. மொதல்ல தாய் எறங்கட்டும்."

அவர் மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தெருவோடு ஒழுகியது. சந்தனமாரிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், புருசன் பிழைத்து வந்த சந்தோசம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். மணியாச்சியிலிருந்து ஆவுடைத்தாய் வராமல் இருந்திருந்தால்.

ஆவுடைத்தாய் சாமித்துரையின் அக்காள். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். ரயில்வேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு மணியாச்சிக்குப் போனவள். ஊர்க் கொடைத் திருவிழாவில் அவள் மேல்தான் மாரியம்மன் வருவாள். தம்பிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அடுத்த பாசஞ்சரைப் பிடித்து வந்துவிட்டாள். கையில் ஒரு சாக்கு நிறைய வேப்பிலை. இங்கே வேப்பமரமே இல்லாதது போல.

அவளை எந்த வேப்பிலையும் தடுக்காது. அம்மை கண்ட வீட்டில் பணிவிடை செய்ய அவளுக்குத்தான் முதல் உரிமை. கிணற்றில் தலை முழுகி, ஈரச் சேலையோடு உள்ளே வந்தாள். வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்த்து, "முத்து நல்லா எறங்கியிருக்கு" என்று திருப்தியாகச் சொன்னாள்.

சந்தனமாரிக்கு ஒரு வகையில் நிம்மதிதான். சுத்தமான பொம்பளை. கஞ்சி வைத்துக் கொடுப்பாள். தானும் லீவு போடாமல் வேலைக்குப் போகலாம். காலை மாத்திரையைப் புருசன் வாயில் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, "மதினி, இவியளைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மை விசயத்தைச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குச் சட்டங்கள் பல உண்டு. அவள் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மறந்துவிட்டாள். அம்மை போட்டிருக்கும்போது மருந்து ஆகாது. அம்மன் வீட்டுக்குள் இருக்கையில் மாத்திரை விழுங்கினால், உன்னை நம்பவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வது போல. ஆவுடைத்தாய் இதையெல்லாம் ஒருநாளும் மறக்க மாட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, தீக்குச்சி மருந்தின் தூசி போகக் குளித்துவிட்டு, சந்தனமாரி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மாத்திரைகள் இருக்கும் டப்பா அது. உள்ளே ஒன்றுமே இல்லை. சாமித்துரை கட்டிலில் உட்கார்ந்து, குத்தம் செய்த பிள்ளை மாதிரி முழித்தான்.

"மதினி, இதுல இருந்த மாத்திரை எங்க?"

"அதுவா?" என்றாள் ஆவுடைத்தாய், கூழைக் கிண்டுவதை நிறுத்தாமல். "என்ன புத்திகெட்ட வேலை பண்ணியிருக்க சந்தனம்? தாய் இருக்க வீட்டுல மருந்தை வைக்கலாமா? எல்லாத்தையும் மஞ்சத் துணில முடிஞ்சு அவ காலடியிலயே வச்சிட்டு வந்திருக்கேன். நோயும் அவளுது, மருந்தும் அவளுது."

சந்தனமாரி புருசனைப் பார்த்தாள்.

"நான் சொன்னேம்ட்டி. தூங்கி முழிச்சப்போ டப்பா காலி. எனக்கு அம்மையே இல்ல அக்கான்னு சொன்னேன். அம்மை போட்டவன் எல்லாம் அப்படித்தான் பெனாத்துவான்னு சொல்லி நெத்தியில திருநீறு பூசிட்டா."

வேறு நேரமாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பாள். இப்போது சிரிப்பு எங்கே வரும்? அந்த மாத்திரை கோவில்பட்டியில் எந்தக் கடையிலும் கிடையாது. மதுரையில்கூடச் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். சென்னையிலிருந்து கொண்டு வந்தது அத்தனையும் அந்த மஞ்சள் துணிக்குள் இருக்கிறது. இரவு மாத்திரைக்கு அதிக நேரமும் இல்லை. சந்தனமாரி கோவிலுக்கு ஓடினாள். என்னவோ ஏதோவென்று ஆவுடைத்தாயும் கரண்டியோடு பின்னால் ஓடிவந்தாள்.

கோவிலில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், தூண்டாமணி விளக்கு வெளிச்சத்தில், அம்மன் காலடியில் மஞ்சள் முடிச்சு தெரிந்தது. கையை விட்டால் எட்டாது. பூசாரி நந்தகோபால் மத்தியான பூசையை முடித்துவிட்டுப் பாஞ்சாலங்குறிச்சித் திருவிழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது. எப்போது திரும்புவார் என்று அவர் பெண்சாதிக்கே தெரியாது.

"பூட்டை உடைச்சிருங்க!" என்று கத்தினாள் சந்தனமாரி.

அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. அம்மன் கோவில் பூட்டை உடைக்க எவனுக்குத் தைரியம் வரும்? கிடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வன்னியபெருமாள், தோளில் தொரட்டியோடு வந்து நின்றார்.

"என்ன தாயி, என்ன ஆச்சு?"

இதற்கு மேல் மறைக்க முடியாது என்று சந்தனமாரிக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தான், என்னை மன்னிச்சிருங்க. எல்லாரும் மன்னிச்சிருங்க. எங்க வீட்டுல அம்மை இல்ல. அவியளுக்கு அம்மையே போடல. நான்தான் வேப்பிலையைக் கட்டினேன்."

 ஆவுடைத்தாய் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"எதுக்கு?" என்றார் வன்னியபெருமாள்.

"நீங்கள்லாம் உள்ள வராம இருக்கத்தான். வராதீங்கன்னு சொன்னா ஒங்களுக்குக் கோவம் வருது. சொல்லாம விட்டா அவிய உயிருக்கு ஆகாது. நான் வேற என்ன செய்வேன்?"

"அம்மன் பேரைச் சொல்லி ஊரையே ஏமாத்தியிருக்கா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சந்தனமாரி திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா சொன்ன எதிர்ப்புச் சக்தி, அணுக்கள் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவளுக்கே பாதி புரியாதது இவர்களுக்கு எப்படிப் புரியும்? வன்னியபெருமாளின் துண்டில் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது.

"அத்தான், தாய் செத்துப் போன குட்டியைப் பால் குடிக்க வேற ஆட்டுக்கிட்ட ஊட்ட விட்டா அந்த ஆடு என்ன செய்யும்?"

"முட்டித் தள்ளும்."

"நாம என்ன செய்வோம்?"

"ஆட்டோட காலைப் பிடிச்சிக்கிட்டுக் குட்டியை விடுவோம். கையை எடுத்தா முட்டிக் கொன்னுரும்லா?"

"அதேதான் அத்தான். இவிய நெஞ்சுல இருக்கது வேற வீட்டுக் குட்டி. தாயில்லாத குட்டி. இவிய ஒடம்பு அதை முட்டித் தள்ளத்தான் பாக்கு. இந்த மாத்திரைதான் காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கி. காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. ஒரு நேரம் கையெடுத்தாலும் முட்டிரும். காலைப் பிடிச்சிருக்கதால ஒடம்புக்கு வேற எதோடயும் சண்டை போடத் தெம்பு கிடையாது. ஒரு சளி வந்தாக்கூட எந்திரிக்க மாட்டாவ. அதுக்குத்தான் ஒங்களைத் தள்ளி நிக்கச் சொன்னேன். ஒங்க கை அழுக்குன்னு இல்ல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அங்கே நின்றவர்களில் குட்டிக்காக ஆட்டின் காலைப் பிடிக்காத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. மணிக்கணக்காகக் குனிந்து நின்று முதுகு விட்டுப்போனவர்கள் அவர்கள். விளங்காமல் இருக்குமா?

வன்னியபெருமாள் தோளிலிருந்த தொரட்டியை இறக்கினார். மரத்துக் கொப்பை ஆட்டுக்கு வளைத்துக் கொடுப்பதற்காக, நுனியில் கொக்கி மாதிரி சின்ன அரிவாள் கட்டிய நீளக் கம்பு அது. கம்பிக் கதவையும் மஞ்சள் முடிச்சையும் ஒரு தடவை அளந்து பார்த்தார். ஆனால் கம்பை உள்ளே விடவில்லை. ஆவுடைத்தாயைப் பார்த்தார். எல்லோருமே அவளைத்தான் பார்த்தார்கள். அம்மனுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா என்பதை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். சாமி வந்துவிடும், ஆடப் போகிறாள் என்று முன்னால் நின்றவர்கள் ரெண்டு அடி பின்வாங்கி இடம்கூட விட்டார்கள்.

ஆவுடைத்தாய் ஆடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மனையே பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"தாயே, புத்தியில்லாம கொண்டாந்து வச்சிட்டேன். ஒனக்கு எதுக்கு அந்த மாத்திரை? எந் தம்பிக்குக் குடு. நான் தூக்கி வளத்த பிள்ளை அவன்" என்றாள். அப்புறம் திரும்பி, "எடுங்க அண்ணாச்சி" என்றாள்.

வன்னியபெருமாள் துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். கம்பிக்கு நடுவே தொரட்டியை விட்டார். முதல் தடவை கொக்கி, முடிச்சின் பக்கத்தில் இருந்த எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டது. அது உருண்டு வந்து அவர் தலையில் மோதி நின்றது. இரண்டாவது தடவை கொக்கி முடிச்சில் மாட்டியது. இழுத்தால் வழியில் விளக்கு. "மெல்ல, மெல்ல" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. உச்சாணிக் கொப்பில் இருக்கும் கருவேலங்காயை உதிராமல் இறக்கத் தெரிந்த கை அது. விளக்கை வளைத்துக்கொண்டு, தரையோடு தரையாக, மஞ்சள் முடிச்சு ஆடி ஆடிக் கம்பிக்கு வெளியே வந்து சேர்ந்தது. பொம்பளைகள் குலவை போட்டுவிட்டார்கள்.

அவர் அதைத் தொடவில்லை. தொரட்டி நுனியிலேயே சந்தனமாரியிடம் நீட்டினார்.

"என் கை படாம எடுத்துக்கோ தாயி. எனக்கு இன்னும் சளி விடல."

வீட்டில் சாமித்துரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குலவைச் சத்தம் கேட்டு, தனக்குத்தான் சாமி வந்துவிட்டதோ என்று பயந்துபோனதாக அப்புறம் சொன்னான். கோவிலில் நடந்ததையும் குட்டிக் கதையையும் தெருவில் நின்றவர்கள் ஜன்னல் வழியாகவே அவனிடம் சொல்லிவிட்டார்கள். ஆவுடைத்தாய் கையை மூன்று முறை கழுவினாள். மாத்திரையைப் பிரித்துத் தம்பியின் வாயில் அவளே போட்டாள். தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவன் தொண்டைக்குள் இறங்கும் வரைக்கும் முகத்தையே பார்த்திருந்தாள்.

"எறங்கிட்டா லே?"

"எறங்கிட்டு."

"அந்தக் குட்டிகிட்டச் சொல்லு. பயப்படாத, அக்கா காலைப் பிடிச்சிருக்கேன்னு சொல்லு."

சாமித்துரை எப்போதும் போல ஏதாவது கேலியாகச் சொல்லப் பார்த்தான். முடியவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அக்காள் மடியில் தலையைச் சாய்த்தான். அவன் அழுது சந்தனமாரி பார்த்தது அன்றைக்குத்தான். சென்னையில் நெஞ்சைப் பிளந்தபோதுகூட அவன் அழுததில்லை.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மாத்திரை கிடைத்தது சரிதான். பொய் வெளியே வந்துவிட்டதே. இனி வேப்பிலைக்கு மரியாதை ஏது? நாளைக்குக் கூட்டம் திரும்ப உள்ளே வரும். இல்லையென்றால் ஏமாற்றிய கோபத்தில் ஆடுகளை ஓட்டிவந்து வாசலில் விடுவார்கள். ரெண்டில் ஒன்று நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே புரண்டாள்.

விடிந்ததும் முதல் வேலையாக வேப்பிலையைக் கழற்றிவிடலாம் என்று வந்தாள். அம்மன் பேரைக் கடன் வாங்கியது போதும் என்றிருந்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கட்டிய கொத்துகள் நேற்றே காய்ந்து சுருண்டு போயிருந்தன. இப்போது அவற்றைக் காணோம். நிலைப்படியின் ரெண்டு பக்கமும், பனி ஈரம் காயாத புதுக் கொழுந்து, கொத்துக் கொத்தாகத் தொங்கியது. உச்சாணிக் கொப்பில்தான் அப்படிக் கொழுந்து இருக்கும். தொரட்டி இல்லாமல் எட்டாது. மஞ்சள் தண்ணீர்ச் சட்டியையும் யாரோ புதிதாகக் கரைத்து வைத்திருந்தார்கள்.

"மதினி, இதை நீங்களா கட்டினீங்க?"

"நான் இல்லட்டி. கட்டுததுக்கு ஊர்ல ஆளா இல்ல?" என்றாள் ஆவுடைத்தாய், உள்ளேயிருந்து. "காஞ்சா மாத்திக் கட்டுததுக்கு வீட்டுக்கு வீடு முறை போட்டிருக்காவளாம். இது எறங்குத அம்மை இல்லல்லா? இந்த வீட்டுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துதது கெடையாது."

வழக்கமாக, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மன் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். வேப்பிலையைக் கழற்றிவிடுவார்கள். இந்த வீட்டு வேப்பிலையை இனிமேல் யாரும் கழற்றப் போவதில்லை. சந்தனமாரி கொழுந்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் கயத்தாறிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர், புது இதயக்காரனைப் பார்க்க லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கோவிலில் நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. கையில் ஒரு பொட்டலம் சேவோடு, உரக்கப் பேசிக்கொண்டே விறுவிறுவென்று படியேற வந்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன வன்னியபெருமாள் தொரட்டியைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தார். துண்டு அவர் மூக்கை மூடி இறுகக் கட்டியிருந்தது.

"ஏலே, சத்தம் போடாத. கையைக் கழுவிட்டு அங்கனயே நின்னு பேசு" என்றார். "உள்ள குட்டி ஊட்டுது."